இந்த மாதப் பயிற்சிப் பாடம்: வீட்டு வாசலே நம் ஸ்டுடியோ



தீர்மானப் புத்தகம் எழுதுவது, உள்கடனுக்கு வட்டி பார்ப்பது, வங்கிக் கடன் இணைப்புக்கு மனு தயார் செய்வது என்று பல பாடங்களைக் குழுக்களில் படித்து வருகிறோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு மாதிரியான பாடம். வீட்டில் இருக்கும் போனை வைத்து, வீட்டில் இருக்கும் வெளிச்சத்திலேயே ஒருவரின் முகத்தைத் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி? எடுத்த படத்தை அளவாகச் சரிசெய்வது எப்படி? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு? சின்னப் பசங்க வேலை" என்று தள்ளிவிடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு கேள்வி

உங்கள் வீட்டில் உங்களுடைய தனிப் படம் ஒன்று இருக்கிறதா? கல்யாணப் படம் கணக்கில் வராது, அதில் பக்கத்தில் ஆள் இருக்கிறார். வாக்காளர் அட்டைப் படமும் வராது. நீங்கள் மட்டும், நேராகப் பார்த்து, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம்.

குழுக்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். பிறகு யோசிப்பார்கள். "எனக்கு ஏது தனி போட்டோ, பிள்ளைங்க போட்டோதான் இருக்கு" என்பார்கள். வயதான உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் என்ன நடக்கிறது? மாலை போட ஒரு படம் தேடி வீடே அலைகிறது. ஏதோ விசேஷத்தில் கும்பலாக எடுத்த படத்தில் இருந்து தலையை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, மங்கலாக மாட்டுகிறார்கள். வாழ்நாள் முழுக்க உழைத்த முகம் சுவரில் கலங்கித் தெரிகிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அன்றாடத் தேவை. வங்கிக் கணக்கு, உதவித்தொகை மனு, பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம், குழு உறுப்பினர் பதிவேடு என்று எதற்கு எடுத்தாலும் "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கொண்டாங்க" என்கிறார்கள். அதற்காக டவுனுக்கு ஒரு நடை. பஸ் செலவு, போட்டோ செலவு, அதோடு பாதி நாள் கூலியும் போகிறது. நடக்க முடியாத ஆயாவாக இருந்தால் துணைக்குப் போகிறவரின் கூலியும் சேர்ந்து போகும்.

ஸ்டுடியோக்காரர் தொழிலை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அச்சுப் போட அவரிடம்தான் போகப் போகிறோம். ஆனால் படம் எடுக்கிற வேலையை நாமே கற்றுக்கொண்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

என்னென்ன வேண்டும்?

கடையில் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பதே போதும்.

1. கேமரா உள்ள போன் ஒன்று. விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை.
2. வெள்ளை வேட்டி இரண்டு. சலவை செய்து, சுருக்கம் இல்லாமல் இருந்தால் நல்லது.
3. ஒரு ஸ்டூல் அல்லது முக்காலி.
4. கயிறு, துணிக்கு மாட்டுகிற கிளிப் நான்கு.
5. வெள்ளைத் தெர்மாகோல் அட்டை அல்லது வெள்ளைச் சார்ட் பேப்பர். இல்லாவிட்டால் இன்னொரு வெள்ளைத் துணி.

இவற்றோடு நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பாடத்தில் அதிகம் பேசப் போகிறோம். போட்டோ நன்றாக வருவதும் கெடுவதும் முக்கால்வாசி வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

முரட்டு வெளிச்சமும் மெத்தென்ற வெளிச்சமும்

நடுப்பகல் வெயிலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு நிழல். மூக்குக்குக் கீழே மீசை வைத்தது போல ஒரு நிழல். நெற்றி மட்டும் வெளுத்துத் தெரியும். கண்ணும் சுருங்கிவிடும். இது முரட்டு வெளிச்சம்.

அதே ஆளைத் திண்ணை நிழலில் உட்கார வையுங்கள். முகம் முழுவதும் ஒரே சீராகத் தெரியும். நிழல் இருக்கும், ஆனால் ஓரம் மழுங்கி இருக்கும். இது மெத்தென்ற வெளிச்சம். முகப்படத்துக்கு இதுதான் வேண்டும்.

ஏன் இப்படி? காரணம் எளிது. வெளிச்சம் வருகிற இடம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு மெத்தென்று விழும். சூரியன் மிகப் பெரியதுதான். ஆனால் வெகு தூரத்தில் இருப்பதால் வானத்தில் ஒரு பொட்டாகத் தெரிகிறது. ஒரு பொட்டிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரே பக்கமாக அடிக்கும், நிழலும் கத்தியால் வெட்டியது போல விழும். மேகம் மூடினால் வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடுகிறது. எல்லாப் பக்கமும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வருவதால் நிழல் இளகிவிடுகிறது.

நம் வீட்டு ஜன்னலும் வாசலும் அப்படித்தான். வெயில் நேராக உள்ளே விழாத நேரத்தில், ஜன்னல் ஒரு பெரிய விளக்கு. நேராக வெயில் விழுந்தால் ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். வெயில் துணியில் பட்டுப் பரவி, துணி முழுவதும் விளக்காக மாறிவிடும்.

கை விரலை மடக்கி ஒரு சோதனை

எந்த இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. கையை முன்னால் நீட்டி, விரல்களை மடக்கிக் கொள்ளுங்கள். கையைப் பார்த்தபடியே வீட்டுக்குள் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஓர் இடத்தில் விரல் மடிப்பில் கருப்பாக நிழல் விழும். இன்னோர் இடத்தில் நிழல் இளகி, தோலின் நிறம் நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் நில்லுங்கள். அங்கே உங்கள் கை எந்தப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறதோ, படம் எடுக்கப்படுகிறவரின் முகமும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

காலை எட்டு மணியில் இருந்து பத்து வரை, மாலை நாலில் இருந்து ஐந்தரை வரை வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் இருக்கும். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நேர் வெயில் விழாது. பகல் முழுக்கச் சீரான வெளிச்சம் கிடைக்கும்.

பத்தடி அறையில் எப்படி அமைப்பது?

நம் வீடுகளில் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறைதான். அதிலேயே கட்டில், பீரோ எல்லாம் இருக்கும். பரவாயில்லை, ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

மனுவுக்கான படம் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

* ஜன்னலில் இருந்து ஐந்தடி தள்ளி ஸ்டூலைப் போடுங்கள். உட்காருபவர் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும்.
* அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளிக் கயிறு கட்டி, வெள்ளை வேட்டியைக் கிளிப் போட்டு விறைப்பாகத் தொங்க விடுங்கள். துணியோடு ஒட்டி உட்கார வைத்தால் தலையின் நிழல் துணியில் விழும். மூன்றடி இடம் விடுவது அதற்காகத்தான்.
* படம் எடுப்பவர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஜன்னலை மறைத்து நின்றால் நம் நிழலே அவர் முகத்தில் விழும்.
* உட்காருபவரின் மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். வெளிச்சம் அதில் பட்டு மேலே திரும்பி, கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் உள்ள இருட்டை நீக்கும். துணி படத்தில் தெரியாது, அதன் வேலை மட்டும் தெரியும்.

வீட்டில் மாட்டி வைப்பதற்கான படம் என்றால் கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முகத்தை ஜன்னலுக்கும் போனுக்கும் நடுவில் திருப்பச் சொல்லுங்கள். அப்போது ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் லேசான நிழலாகவும் இருக்கும். கன்னத்தின் வளைவும் நெற்றிச் சுருக்கமும் மூக்குத்தியும் உயிரோடு தெரியும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், அந்தப் பக்கம் இரண்டடி தள்ளித் தெர்மாகோல் அட்டையை ஒருவர் பிடித்துக் கொள்ளட்டும். அட்டையைக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் குறையும், தள்ளிப் போனால் கூடும். இரண்டையும் பார்த்து உங்களுக்குப் பிடித்த அளவில் நிறுத்துங்கள்.

"எங்க வீட்ல ஜன்னலே இல்லையே?" என்று கேட்பவர்களுக்கு: வாசல் இருக்கிறதே, அது போதும். வாசல்படிக்கு உள்ளே இரண்டடி தள்ளி, வெளியே பார்த்தபடி உட்கார வையுங்கள். படம் எடுப்பவர் வெளியே, வாசலுக்கு ஓரமாக நிற்கட்டும். பின்னால் வீட்டுக்குள் இருட்டாக இருப்பதால் முகம் மட்டும் எடுப்பாகத் தெரியும். கூரை வீட்டு வாசலில் எடுத்த படம் ஸ்டுடியோ படத்தைவிட நன்றாக வந்ததை நாங்கள் பல கிராமங்களில் பார்த்திருக்கிறோம். திண்ணை இருந்தால் இன்னும் வசதி.

சுவர் நிறம் முகத்தில் ஏறும்

நம் வீடுகளில் பச்சை, நீலம், ரோஸ் என்று சுவருக்கு அழுத்தமான நிறம் அடித்திருப்போம். வெளிச்சம் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுந்தால், முகம் பச்சை பூத்து நோயாளி போலத் தெரியும். படம் எடுத்த பிறகு "கேமரா சரியில்லை" என்போம். கேமரா மேல் குற்றம் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரை வெள்ளைத் துணியால் மறைத்துவிடுங்கள், போதும்.

அதே போல, பகல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தையும் கலக்காதீர்கள். முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்று அடிக்கும். பகலில் எடுக்கும்போது பல்பு, டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்" என்று லைட்டைப் போடுவதுதான் பல படங்களைக் கெடுக்கிறது.

ராத்திரி எடுத்தே ஆக வேண்டும் என்றால் குண்டு பல்பைவிட நீளமான டியூப் லைட் நல்லது. அதற்கு நேர் கீழே உட்கார வேண்டாம், கண் குழி விழுந்தது போலத் தெரியும். நாலைந்தடி தள்ளி, டியூப் லைட்டைப் பார்த்து உட்காருங்கள். மடியில் வெள்ளைத் துணி கட்டாயம் வேண்டும். வெளிச்சத்தை மெத்தென்று ஆக்குவதற்காக எரிகிற பல்பின் மேல் துணியையோ காகிதத்தையோ சுற்றாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

போனைப் பிடிப்பது எப்படி?

* முதலில் முந்தானையின் சுத்தமான ஓரத்தால் கேமரா கண்ணாடியைத் துடையுங்கள். சமையல்கட்டில் கையில் பட்ட எண்ணெய் அதில் இருக்கும். படம் புகை மூட்டமாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.
* பின்பக்கக் கேமராவில் எடுங்கள். பெரும்பாலான போன்களில் முன்பக்கத்தைவிட அது தெளிவாக எடுக்கும்.
* ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது ஒரு சின்னப் பொட்டு விளக்கு. முகத்தில் எண்ணெய் வழிவது போல மினுக்கும், பின்னால் கருப்பு நிழலும் விழும்.
* 'பியூட்டி' என்று ஓர் அமைப்பு பல போன்களில் இருக்கும். அது தானாகவே முகத்தை வெளுத்து, சுருக்கத்தைத் தேய்த்துவிடும். அதையும் அணைத்துவிடுங்கள்.
* நாலைந்தடி தள்ளி நில்லுங்கள். ஓரடிக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரியும். கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரிவதுதான் அதற்குக் காரணம். தள்ளி நின்று எடுத்துவிட்டு, வேண்டாத ஓரத்தைப் பிறகு வெட்டிக் கொள்ளலாம்.
* போன் அவருடைய கண் உயரத்தில் இருக்கட்டும். மேலே இருந்து எடுத்தால் ஆள் குறுகித் தெரிவார். கீழே இருந்து எடுத்தால் தாடை பெருத்துத் தெரியும். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் குனிய வேண்டும்.
* இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக் கொள்ளுங்கள். ஆட்டம் இருக்காது.

முகம் ஏன் இருட்டாக வருகிறது?

குழுக்களில் அடிக்கடி கேட்கிற குறை இது: "நான் கறுப்புங்க, அதான் போட்டோ நல்லா வராது." இதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு வருத்தமாக இருக்கும். படம் நன்றாக வராததற்குத் தோலின் நிறம் காரணம் இல்லை. நடப்பது வேறு.

கேமராவுக்கு நம்மைத் தெரியாது. பெரும்பாலும் அது படம் முழுவதையும் சேர்த்துப் பார்த்து, வெளிச்சத்தை நடுத்தரமாகக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளை வேட்டி தொங்கினால் "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து மொத்தப் படத்தையும் குறைத்துவிடும். வேட்டி சாம்பல் நிறமாகும், முகம் இருட்டாகும். பின்னால் ஜன்னல் இருந்தாலும் இதேதான்.

இதற்கு மருந்து நம் விரலில் இருக்கிறது. போன் திரையில் அவருடைய முகத்தை ஒரு முறை தொடுங்கள். "இந்த முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை வை" என்று கேமராவுக்குச் சொல்வது போல அது. பல போன்களில் தொட்டதும் சூரியன் போல ஒரு சின்னக் குறி வரும். அதை மெதுவாக மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். கண்ணின் வெள்ளையும் கருவிழியும் தனித்தனியாகத் தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். பிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில், கோடாக் நிறுவனம் கலர் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையைப் படம் கழுவும் கூடங்களுக்குக் கொடுத்தது. அதை 'ஷர்லி அட்டை' என்பார்கள். 1950-களில் இருந்து பல ஆண்டுகள் அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரம் இல்லாமல் இருட்டாக விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல நிறப் பெண்களையும் சேர்த்த அட்டை 1990-களில்தான் வந்தது. ஆக, குறை நம் முகத்தில் இல்லை, அளந்த அளவுகோலில் இருந்தது.

உட்காருபவரைத் தயார் செய்வது

முகத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வேர்வையும் எண்ணெயும் போய்விடும். பவுடரை அப்ப வேண்டாம். கேமராவில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகத் தெரியும். கண்ணாடி போட்டிருந்தால் ஜன்னல் அதில் தெரியும். தாடையை லேசாகத் தாழ்த்தச் சொல்லுங்கள், மறைந்துவிடும்.

நம் வீட்டுப் பெண்கள் கேமராவைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துவிடுவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள்.

"ஆயா, எத்தனை பேரன் பேத்தி உங்களுக்கு?"

"அது ஆச்சு ஏழு. மூத்தவளுக்கே கல்யாணம் ஆயிடுச்சு."

"மூத்தவ யார் ஜாடை?"

"என் ஜாடைதான், வேற யாரு!"

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு வருகிற முகம்தான் நமக்கு வேண்டிய முகம். அந்த நேரத்தில் நாலைந்து படம் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டில் கண் மூடியிருக்கும், மற்றதில் சரியாக இருக்கும். எடுத்ததும் கருவிழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக அதில் தெரிய வேண்டும். அந்தப் புள்ளி இருந்தால் கண்ணுக்கு உயிர் இருக்கும்.

மனுவுக்கான படத்தில் மட்டும் சிரிப்பு வேண்டாம். நேராகப் பார்த்து, வாய் மூடி, இரண்டு காதும் தெரிகிற மாதிரி எடுங்கள். தலையில் முக்காடு போடுகிறவர்களுக்கு நெற்றியில் இருந்து தாடை வரை முழு முகமும் தெரிந்தால் போதும்.

எடிட்டிங்: எது செய்யலாம், எது கூடாது?

எடிட்டிங் என்றால் ஏமாற்றுவது என்று நினைக்க வேண்டாம். சமைத்த குழம்பில் உப்புப் பார்ப்பது போன்ற வேலை அது. போனில் உள்ள கேலரியிலேயே 'எடிட்' என்று இருக்கும். ஸ்நாப்சீட் போன்ற இலவசச் செயலியும் உண்டு. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. முதல் வேலை, அசல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் வேலை செய்வது. முடித்ததும் 'சேவ் காப்பி' என்பதை அழுத்துங்கள்.
2. 'க்ராப்' மூலம் ஓரத்தை வெட்டுங்கள். சாய்ந்திருந்தால் நேராக்குங்கள்.
3. நிறத்தைச் சரிசெய்யுங்கள். 'வார்ம்த்' அல்லது 'ஒயிட் பேலன்ஸ்' என்று இருக்கும். இங்கே ஒரு ரகசியம்: நிறத்தைச் சரிசெய்யும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் உள்ள வெள்ளைத் துணியைப் பாருங்கள். துணி மஞ்சளாகவோ நீலமாகவோ இல்லாமல் துணியாகவே தெரிந்தால், முகத்தின் நிறமும் தானாகச் சரியாகிவிடும்.
4. 'பிரைட்னஸ்' கொஞ்சம் கூட்டலாம். 'ஷேடோஸ்' கூட்டினால் இருட்டான இடம் மட்டும் வெளுக்கும். இரண்டையுமே கொஞ்சமாகக் கூட்டி நிறுத்துங்கள். அதிகம் கூட்டினால் முகத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போல ஆகும்.
5. முடித்த பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிஞ்சிப் போனது எது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

செய்யக் கூடாதவை: தோலை வெளுப்பது, மச்சம், தழும்பை அழிப்பது, சுருக்கத்தைத் தேய்ப்பது, கன்னத்தை ஒடுக்குவது. மனுவில் ஒட்டும் படத்தில் இவை கூடவே கூடாது. அடையாளத்துக்காகத்தான் படம் கேட்கிறார்கள். மச்சத்தை அங்க அடையாளமாக எழுதிவிட்டு, படத்தில் மச்சம் இல்லை என்றால் அதிகாரி என்ன செய்வார்? "ஆள் வேற மாதிரி இருக்கே" என்று திருப்பி அனுப்பினால் உதவித்தொகை தள்ளிப்போகும்.

வீட்டுப் படத்தில் செய்தால் என்ன? அது அவரவர் விருப்பம். ஆனால் ஒன்று யோசியுங்கள். நாற்று நட்டு, விறகு சுமந்து, பிள்ளை பெற்று, குழு நடத்தி வந்த முகம் இது. இதில் உள்ள கோடுகளை அழித்துவிட்டால், நாளைக்குப் பேத்தி பார்க்கும்போது அங்கே இருப்பது அவள் ஆயா இல்லை, யாரோ ஒருத்தி.

அளவும் அச்சும்

பாஸ்போர்ட் சைஸ் என்பது பொதுவாக 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். தலை உச்சியில் இருந்து தாடை வரை, படத்தின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பாகம் இருக்கலாம். சில மனுக்களுக்கு அளவு மாறும். எனவே மனுவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வெட்டுங்கள்.

4-க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் பாஸ்போர்ட் சைஸ் படம் 8 அடங்கும். ஒரு வரிசைக்கு நாலு, இரண்டு வரிசை. கடையில் "ஒரு 4-க்கு 6 தாளில் எட்டு போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் ஒரு தாளுக்கான காசுதான் ஆகும். படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், தெளிவு அப்படியே போகும்.

பிள்ளைகள் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது படம் இத்தனை கேபி இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். 20 முதல் 50 கேபி என்பது பல தேர்வுகளில் வழக்கம். அதற்கு ஏற்ற மாதிரி சிறிதாக்க வேண்டும். பெரிய அசலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை மட்டும் சிறிதாக்குங்கள்.

நம் படம், நம் பாதுகாப்பு

இந்தப் பாடத்தில் இதுதான் மிக முக்கியமான பகுதி. கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள்.

* ஒருவரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். எதற்கு எடுக்கிறோம், யாருக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்லுங்கள். "வேணாம்" என்றால் விட்டுவிடுங்கள்.
* குழு வேலைக்காக எடுத்த படத்தை, வேலை முடிந்ததும் அவருக்கு அனுப்பிவிட்டு எடுத்தவர் போனில் இருந்து அழித்துவிட வேண்டும். அழித்த பிறகும் 'ட்ராஷ்' அல்லது 'ரீசைக்கிள் பின்' என்ற இடத்தில் சில நாட்கள் இருக்கும். அங்கேயும் போய் அழியுங்கள்.
* தனி முகப்படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.
* "உங்க போட்டோவை அழகாக்கித் தர்றோம்" என்று வரும் தெரியாத செயலிகளில் முகத்தை ஏற்றாதீர்கள். ஒரு முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டுவது இன்று சில நிமிஷ வேலை.
* போனில் உடனடிக் கடன் தருகிறோம் என்று வரும் செயலிகளிடம் எச்சரிக்கை. சில செயலிகள் போனில் உள்ள படங்களை எடுத்து, ஆபாசமாக மாற்றி, சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியதாக 2020-க்குப் பிறகு நாட்டின் பல இடங்களில் புகார்கள் வந்தன. கடன் செயலிகள் போனில் உள்ள படக்கோப்புகளையும் தொடர்பு எண்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. எனவே கேலரியைத் திறக்கச் சொல்லி ஒரு கடன் செயலி அனுமதி கேட்டால், அது சரியான இடம் இல்லை. நமக்குக் குழுவில் உள்கடன் இருக்கிறது.

அப்படியும் யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பயந்து பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். மிரட்டிய செய்தியை அழிக்காமல் வையுங்கள், அதுதான் சாட்சி. சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்கள் உதவி எண் 181. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். மிரட்டப்பட்ட பெண் மேல் தப்பு இல்லை. "நீ எதுக்கு போட்டோ எடுத்தே?" என்று குழுவில் ஒருவரும் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்காருவதற்குத்தான் குழு.

குழுவில் செய்ய வேண்டிய பயிற்சி

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் பகலில் கூடுங்கள்.

1. எல்லோரும் கை விரலை மடக்கி, கூட்ட இடத்தில் நல்ல வெளிச்சம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.
2. ஒரே உறுப்பினரை மூன்று இடத்தில் எடுங்கள்: வெயிலில், பல்புக்கு அடியில், வாசலுக்கு உள்ளே. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.
3. மடியில் வெள்ளைத் துணி இல்லாமல் ஒன்று, துணியோடு ஒன்று எடுத்துப் பாருங்கள்.
4. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் எடுங்கள். போன் பிடிக்கத் தெரியாத அக்காவுக்கு தெரிந்த தங்கச்சி சொல்லிக் கொடுக்கட்டும். கையைப் பிடித்துக் காட்டலாம், போனைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.
5. உங்கள் ஊர்க் கணக்கைப் போடுங்கள். டவுனுக்குப் போய்வர பஸ் செலவு எவ்வளவு, போட்டோ செலவு எவ்வளவு, போன கூலி எவ்வளவு? ஒரு தாள் அச்சுக்கு எவ்வளவு? கழித்து வரும் மிச்சத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கிக் கரும்பலகையில் எழுதுங்கள்.

கலந்து பேச:

* நம் குழுவில் தனிப் படம் இல்லாத மூத்த உறுப்பினர்கள் யார் யார்? அவர்கள் வீட்டுக்கே போய் எடுக்க யார் பொறுப்பு?
* எடுத்த படங்களை யார் போனில், எத்தனை நாள் வைத்திருப்பது? இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
* கூட்டமைப்பு மாதக் கூட்டத்துக்கு வரும்போது, குழுவுக்கு ஒரு படம் அச்செடுத்துக் கொண்டு வர முடியுமா? படத்தில் இருப்பவர் சம்மதித்தால் மட்டும்.

நம் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய உறுப்பினர்களில் இருந்து தொடங்குங்கள். அவர்களுக்கு முதலில் ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு, இப்போதே கையில் கொடுங்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்கள் கண்ணால் அதைப் பார்க்கட்டும்.